செயப்பாட்டு வினை

ஒரே கரும்பலகைக்கு இரண்டு பேர் நாங்கள்.
இடப்பாதி செகொன்யானாவுக்கு, இயற்பியல்.
வலப்பாதி எனக்கு, ஆங்கிலம்.
நடுவே அவர் கிழித்த சுண்ணக்கோடு
முதல் வாரமே அழிந்தது
அவர் சட்டைக் கையாலேயே.

ரோமாவில் ஆகஸ்ட். மலோட்டி மலைமேல் இன்னும் பனி.
போர்வை போர்த்தி நாற்பத்தொரு பேர்,
பரீட்சைக்கு மட்டும் ஆங்கிலம் உடுத்திய நாக்குகள்.

'மாட்லா' என்று எழுதினேன்.
செசோத்தோவில் விசையும் அதுதான்
ஆற்றலும் அதுதான் திறனும் அதுதான்.
எருதுக்கு உண்டு, மின்கம்பிக்கு உண்டு,
அமைச்சருக்கும் உண்டு.
"மூன்று சட்டைக்கு ஒரே பொத்தான்" என்றார் அவர்.
"பொத்தானில் குறையில்லை,
சட்டைகளைத் தைத்துக் கொடுங்கள்" என்றேன்.
எல்லாரும் சிரிக்க, லிமாகாட்சோ மட்டும்
மூன்று சொல்லுக்கும் மூன்று பக்கம் ஒதுக்கினாள்.

பிறகு அறிக்கை எழுதும் முறை.
'நான் சூடாக்கினேன்' வேண்டாம்,
'சூடாக்கப்பட்டது' போதும்.
"அப்படியானால் சூடாக்கியது யார்?" லிமாகாட்சோதான்.
"யாராகவும் இருக்கலாம்.
நீ செய்தாலும் நான் செய்தாலும்
நடப்பது ஒன்றாக இருக்க வேண்டும்."
அவள் நம்பவில்லை. எழுதிக்கொண்டாள்.

தண்ணீர் கொதித்த நாளில்
முப்பத்தெட்டுத் தாள் நூறு என்றது.
ட்செலிசோவின் தாளில் தொண்ணூற்றைந்து,
அதை அடித்துவிட்டு மேலே நூறு.

"எதைப் பார்த்தாய்?"
"தொண்ணூற்றைந்தை."
"எதை எழுதினாய்?"
"சரியானதை."

செகொன்யானா வாய் திறந்து மூடினார்.
என் பாதியில் 'கொதிக்கும்' என்று எழுதினேன்,
பக்கத்தில் 'கொதித்தது'.
முதலாவது உலகத்துத் தண்ணீருக்கெல்லாம்.
அடுத்தது உன் குடுவைக்கு,
இன்றைக்கு, பத்தேகால் மணிக்கு.
அவர் என் சுண்ணாம்பை வாங்கி
'கொதிக்கும்' முன்னால் 'கடல் மட்டத்தில்' என்று சேர்த்தார்.
எனக்கே அது புதிது.
"கடலைப் பார்த்தவர்கள்?"
இரண்டு கை எழுந்தது. டர்பன், ஒரு கல்யாணத்துக்கு.

ட்செலிசோ தன் மொழிக்கு மாறினான்:
மொகோட்லொங்கில் எங்கள் வீட்டுப் பானை
சீறும், மூடி ஆடும்,
பீன்ஸ் மட்டும் கல்லாய்க் கிடக்கும்.
வறட்டி ஈரம் என்று அப்பா கத்துவார்.
வறட்டி காய்ந்துதான் இருக்கும்.

அவர் 'அழுத்தம்' என்று எழுத
நான் 'ஆகையால்' என்று எழுத
அவன் எழுந்து வந்து இரண்டையும்
ஒரே வாக்கியத்தில் கட்டினான்.
எழுத்துப்பிழை இரண்டு. யாரும் தொடவில்லை.

காற்றழுத்தமானி எடுக்க அவர் உள்ளே போன நேரம்
சிவப்புக் கோடு ஏறுவதைப் பார்க்க
நானும் குனிந்தேன், குழந்தை மாதிரி.
போர்வைத் தொங்கல் மாட்டியது.
சின்னதாய் ஒரு சத்தம்.
தரையில் கண்ணாடித் தூள், சிவந்த சாராயம்.
நாற்பத்தொரு ஜோடிக் கண்.
அவர் திரும்பி வருவதற்குள்
துடைப்பம் வந்திருந்தது, தரை உலர்ந்திருந்தது,
எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கைகள் வந்தன.
அவருக்குச் சிவப்பு மை, எனக்குப் பச்சை.
தொண்ணூற்றைந்தில் கொதித்தது,
உயரம் காரணமாக இருக்கலாம்.
அந்த 'லாம்' கற்றுக்கொடுக்க
போன வருடம் ஒரு பருவமே போனது.
அதற்கும் கீழே, நாற்பத்தொன்றிலும்,
'ஒரு வெப்பமானி உடைக்கப்பட்டது.'

லிமாகாட்சோ இன்னும் ஒரு வரி:
'இச்சோதனை மீண்டும் செய்யப்படலாம்.
பரிந்துரைக்கப்படவில்லை.'

"யாரால்?" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
"யாரால் என்று ஒருவர்கூட எழுதவில்லையே.
இதுவும் உங்கள் பாடமா?"

இலக்கணம் சுத்தம்.
ஒவ்வொன்றுக்கும் பச்சையில் சரி போட்டேன்.
கடைசித் தாளின் அடியில்
எழுவாயோடு ஒரு வாக்கியம் எழுதி
அவர் பக்கம் நகர்த்தினேன்.